அரசியல் அறிவியலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தாகிவிட்டது, இனி?

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த நாளில் இருந்த தெம்பு இரண்டாவது வாரத்தில் காணாமல் போய்விடும். முதுகலை வரை யாரோ பாடத்திட்டம் போட்டார்கள், யாரோ தேர்வுத் தேதி சொன்னார்கள், படித்தோம், எழுதினோம். ஆய்வில் அந்த யாரோ இல்லை. காலையில் எழுந்து இன்று என்ன செய்வது என்று நாமே முடிவெடுக்க வேண்டும். இதில் திணறாதவர்களை நான் பார்த்ததில்லை. நானே முதல் ஆறு மாதம் நூலகத்துக்குப் போய் வருவதையே ஆய்வு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முனைவர் பட்டத்துக்கோ ஆய்வுவழி முதுகலைக்கோ புதிதாகப் பதிந்தவர்கள் முதல் ஓராண்டில் எதை எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். விதிமுறைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். வேலை பெரிதாக மாறாது.

முதல் வாரம்

துறையின் ஆய்வு மாணவர் கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். யாரும் படிப்பதில்லை, மூன்றாம் ஆண்டில் அதற்காக வருந்துவார்கள். கட்டாயப் பாடங்கள் எவை, முதலாண்டு மதிப்பீடு எந்த மாதம், அதற்கு என்ன சமர்ப்பிக்க வேண்டும், அதிகபட்சக் காலம் எவ்வளவு, ஆய்வேட்டின் சொல் வரம்பு என்ன, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க எத்தனை வாரம் பிடிக்கும், இடையில் விடுப்பு எடுக்க வழி உண்டா. இவற்றை ஒரே தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, உங்கள் துறையில் அண்மையில் தேறிய மூன்று ஆய்வேடுகளை எடுங்கள். உள்ளடக்கத்துக்குள் போக வேண்டாம், உருவத்தைப் பாருங்கள். கேள்வி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது? முறையியலுக்கு எவ்வளவு இடம்? எத்தனை இயல்கள்? ஆய்வேடு என்றால் ஏதோ மலை என்ற பயம் பாதி குறைந்துவிடும். தேறிய ஆய்வேடுகளிலும் சுமாரான பக்கங்கள் இருப்பதைக் கண்டால் மீதியும் கொஞ்சம் குறையும்.

மேற்கோள் நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றையும் இந்த வாரமே நிறுவிக்கொள்ளுங்கள். ஸோட்டெரோ இலவசம், போதுமானது. படிக்கும் ஒவ்வொன்றும் அன்றே அதற்குள் போக வேண்டும். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கடைசி மாதத்தில் நானூறு அடிக்குறிப்புகளுக்குப் பக்க எண் தேடி அலைகிறார்கள்.

நெறியாளரோடு முதல் சந்திப்பு

சந்திக்கும் முன் அவர் எழுதியவற்றில் இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டுப் போங்கள். முதல் சந்திப்பிலேயே நடைமுறை விஷயங்களைப் பேசி முடித்துவிடுவது நல்லது. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு? அவருக்கு முழு இயல் வேண்டுமா, அரைகுறை வரைவையும் பார்ப்பாரா? பதில் தர அவருக்கு எவ்வளவு நாள் வேண்டும்? இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறவர்கள் உண்டு. கேட்காமல் விட்டு இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக ஊகித்துக்கொண்டிருப்பதுதான் பின்னால் மனக்கசப்பில் முடிகிறது.

ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு நாள் முன்னால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: என்ன செய்தேன், எங்கே சிக்கல், எதில் உங்கள் கருத்து வேண்டும். சந்திப்பு முடிந்த அன்றே, என்ன பேசி முடிவானது என்று நான்கு வரி மின்னஞ்சல் போடுங்கள். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் சொன்னால் சண்டை போட வேண்டியிருக்காது, பழைய மின்னஞ்சலைத் திறந்தால் போதும்.

ஒன்றும் எழுதவில்லை என்பதற்காகச் சந்திப்பைத் தள்ளிப் போடாதீர்கள். ஒருமுறை தள்ளினால் அடுத்த முறை முகம் கொடுக்க இன்னும் கூச்சமாக இருக்கும். வெறுங்கையோடு போய் "எழுத வரவில்லை" என்று சொல்வதும் ஒரு சந்திப்புதான். பெரும்பாலான நெறியாளர்கள் அதையும் கடந்து வந்தவர்களே.

தலைப்பைக் கேள்வியாக்குவது

முதலாண்டின் கடினமான வேலை இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

"கூட்டாட்சியும் கட்சி அமைப்பும்" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு பத்து ஆண்டு படிக்கலாம், ஒரு முடிவுக்கும் வர முடியாது. கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் துறையில் பழகிப்போன ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1951இல் ஒரு பொது விதியை முன்வைத்தார். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்கு பெற்றவருக்கு வெற்றி என்ற தேர்தல் முறை இருந்தால் இரு கட்சி அமைப்பு உருவாகும். வாக்காளர்கள் தோற்கப்போகும் மூன்றாம் கட்சிக்கு வாக்கை வீணாக்க மாட்டார்கள் என்பது அதன் அடிப்படைத் தர்க்கம். அமெரிக்காவைப் பார்த்தால் சரிதான். கனடாவிலும் இந்தியாவிலும் அதே தேர்தல் முறைதான், நாடாளுமன்றத்திலோ பல கட்சிகள். கோட்பாடு ஒன்று சொல்கிறது, உலகம் வேறொன்று காட்டுகிறது. இந்த இடைவெளியைத்தான் நம் துறையில் புதிர் என்கிறோம். புதிர் கிடைத்துவிட்டால் கேள்வி தானாக வரும்: ஒரே தேர்தல் முறை உள்ள நாடுகளில் தேசியக் கட்சிகளின் எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது?

பிரதீப் சிப்பரும் கென் கோல்மனும் இந்தக் கேள்வியோடு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளை ஒப்பிட்டு 2004இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். துவெர்ஜேயின் தர்க்கம் தொகுதி அளவில்தான் வேலை செய்யும், தொகுதிகளை நாடு முழுக்க ஒரே கட்சி அமைப்பாகக் கோத்துவிடுவது வேறொன்று என்று பிரித்தார்கள். அதிகாரம் மத்திய அரசிடம் குவியக் குவிய, வேட்பாளர்கள் தேசியக் கட்சிகளோடு சேர்வதால் ஆதாயம் கூடுகிறது. அதிகாரம் மாநிலங்களுக்குப் போனால் மாநிலக் கட்சிகள் தழைக்கின்றன. இந்தப் பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. "கூட்டாட்சியும் கட்சி அமைப்பும்" என்ற மங்கலான தலைப்பு எப்படி விடை தேடக்கூடிய கேள்வியாக மாறியது என்பதைப் பாருங்கள்.

உங்கள் கேள்வியை மூன்று விதமாகச் சோதிக்கலாம். முதலில், விடை வேறு மாதிரி வர வாய்ப்பு உண்டா? "ஊழல் ஜனநாயகத்தைப் பாதிக்கிறதா?" என்று கேட்பவர் ஏற்கெனவே பதிலை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். அடுத்து, எதைக் கண்டால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன்? இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் கையில் இருப்பது நம்பிக்கை, சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள் ஆகாது. கடைசியாக, இந்த விடையை மறுக்கக்கூடிய விவரமுள்ள ஓர் ஆள் இருக்கிறாரா? யாருமே மறுக்காத கருத்தை நிரூபிக்க நான்கு ஆண்டு எதற்கு?

அரசியல் கோட்பாட்டில் ஆய்வு செய்பவர்கள் இங்கே புருவத்தை உயர்த்துவீர்கள். உங்களுக்குக் கருதுகோளும் மாறிகளும் தேவையில்லை என்பது சரி. ஆனால் உங்களுக்கும் ஒரு முடிச்சு வேண்டும். ஒரு சிந்தனையாளரின் இரண்டு நிலைப்பாடுகள் ஒன்றோடொன்று முட்டும் இடம், ஒரு கருத்தாக்கம் புதிய சூழலில் திணறும் இடம். "இன்னாரின் நீதிக் கோட்பாடு: ஓர் ஆய்வு" என்று தொடங்கும் ஆய்வேடுகள் பெரும்பாலும் சுருக்க உரைகளாகவே முடிகின்றன.

கேள்வி சிறியதாகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். எலினோர் ஆஸ்ட்ரம் 1965இல் முடித்த முனைவர் ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கடல்நீர் புகுந்துகொண்டிருந்த ஒரேயொரு நிலத்தடி நீர்ப்படுகையைப் பயன்படுத்துவோர் அதை எப்படி நிர்வகித்தார்கள் என்பதைப் பற்றியது. கேட்டால் ஏதோ மாவட்ட நீர்வள அறிக்கை போல இருக்கும். பொதுவளங்களை மக்களே கூடிக் காக்க முடியும் என்ற அவருடைய பிற்காலப் பணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் ஆனார். அவர் அரசியல் அறிவியல் படித்தவர் என்பதை நாம் அவ்வப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

படிப்பதற்கும் ஒரு வழி உண்டு

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்பவர்கள் எழுதுவதேயில்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான, அண்மையில் வந்த ஒரு நல்ல கட்டுரையை எடுங்கள். அதன் அடிக்குறிப்புகள் வழியாகப் பின்னோக்கிப் போங்கள்: அதை எழுதியவர் யாரோடு மல்லுக்கட்டுகிறார்? பிறகு கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்து முன்னோக்கி வாருங்கள். இப்படி இரண்டு பக்கமும் மூன்று முறை போய்வந்தால் அதே பத்துப் பதினைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். அவர்கள்தான் இனி உங்கள் அக்கம்பக்கத்தார். அவர்களை முழுதாகப் படியுங்கள். மற்றவர்களுக்கு முன்னுரையும் முடிவுரையும் அட்டவணைகளும் போதும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதுங்கள்: கேள்வி என்ன, விடை என்ன, ஆதாரம் என்ன, எனக்கு எங்கே இடிக்கிறது. நான்காவது வரிதான் பின்னால் உங்கள் ஆய்வேடாகப் போகிறது.

முன்னாய்வுகளை மீளாய்வு செய்யும் இயலில் "அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்" என்று வரிசையாக அடுக்குவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஆட்களை வைத்துப் பிரிக்காமல் வாதங்களை வைத்துப் பிரியுங்கள். இந்தக் கேள்விக்கு நிறுவனங்களைக் காரணமாகச் சொல்பவர்கள் ஒரு பக்கம், சமூகப் பிளவுகளைச் சொல்பவர்கள் ஒரு பக்கம், தலைவர்களின் கணக்குகளைச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் அடித்துக்கொள்கிறார்கள், அந்தச் சண்டையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? இவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நூல்பட்டியல் கேட்கிற பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. அவை இல்லாத கட்டுரையை, இருக்கும் ஆசிரியர் பெயரோடும் நம்பும்படியான ஆண்டோடும் சேர்த்துத் தரும். கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். அந்தக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்று உங்கள் துறையின் விதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை ஆராய்வது: இடமும் காலமும்

கேள்வி கிடைத்த மகிழ்ச்சியில் பலர் சறுக்கும் இடம் இது.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் பார்பரா கெட்டிஸ் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல மருந்து. வேகமாக வளர்ந்த வளரும் நாடுகள் சிலவற்றில் தொழிலாளர் இயக்கங்கள் ஒடுக்கப்பட்டிருந்தன. தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் போன்றவை. அதைக் கண்ட ஆய்வாளர்கள் ஒடுக்குமுறை வளர்ச்சிக்கு உதவுகிறது என்று முடிவுகட்டினார்கள். கெட்டிஸ் செய்தது எளிமையான காரியம்: வளரும் நாடுகள் அனைத்தையும் அதே வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று தெரிந்த அந்த உறவு கரைந்துபோனது. தொழிலாளர்களை ஒடுக்கியும் வளராத நாடுகள் வேண்டிய அளவு இருந்தன, முன்னவர்கள் அங்கே பார்க்கவேயில்லை.

வெற்றி பெற்ற புரட்சிகளை மட்டும் படித்துப் புரட்சிக்குக் காரணம் சொல்வது, கலவரம் நடந்த நகரங்களை மட்டும் படித்துக் கலவரத்துக்குக் காரணம் சொல்வது, எல்லாம் இந்த வகைதான். கலவரம் நடக்கும் என்று எதிர்பார்த்தும் நடக்காமல் போன ஊர் ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கட்டும். நாய் குரைக்காத வீட்டில்தான் சில நேரம் துப்பு கிடைக்கும்.

ஒரே ஒரு நாட்டையோ ஊரையோ எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவது தப்பா என்று கேட்டால், இல்லை. ஆனால் "இது எதனுடைய எடுத்துக்காட்டு?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். கோட்பாடு கட்டாயம் பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாமல் போனால் அது ஒரு செய்தி. பொருந்தவே வழியில்லாத இடத்தில் பொருந்தினால் அதுவும் செய்தி. "எனக்கு அந்த மொழி தெரியும், அந்த ஊர் பழக்கம்" என்பதும் நேர்மையான காரணம்தான், அதை மறைக்க வேண்டாம். அது மட்டுமே காரணமாக இருந்தால்தான் சிக்கல்.

இரண்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், பலவற்றில் ஒத்திருந்து நீங்கள் விளக்க விரும்பும் ஒன்றில் மட்டும் வேறுபடுபவற்றைத் தேடுங்கள். மேலே சொன்ன நான்கு நாடுகளில் தேர்தல் முறை ஒன்று, விளைவு வெவ்வேறு. அதனால்தான் தேர்தல் முறையை ஓரமாக வைத்துவிட்டு வேறு காரணத்தைத் தேட அவர்களால் முடிந்தது.

சொல்லை அளப்பது

ஜனநாயகம், அதிகாரம், தேசியவாதம், மக்கள் ஈர்ப்பு அரசியல் (பாப்புலிசம்). நம் துறையின் சொற்கள் எல்லாமே நாளிதழிலும் புழங்குபவை. அதனால் பொருள் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஜனநாயகத்தை அளக்கப் பலரும் பயன்படுத்திய பாலிட்டி என்ற தரவுத்தொகுப்பு, நாடுகளுக்கு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் தருகிறது. சுவிட்சர்லாந்துக்கு அதில் 1848 முதலே உச்ச மதிப்பெண். அந்த நாட்டில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். தரவுத்தொகுப்பில் பிழை இல்லை. யார் வாக்களிக்கலாம் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை, நிர்வாக அதிகாரத்துக்கான போட்டியையும் கட்டுப்பாட்டையும்தான் பார்க்கிறது. இதைத் தெரியாமல் தரவிறக்கிப் புள்ளியியல் போட்டால், பாதி மக்கள்தொகையை விட்டுவிட்டு ஜனநாயகமாதல் பற்றி இயல் எழுதியிருப்பீர்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஜனநாயகத்தை அளக்கும் வி-டெம் திட்டம் வாக்குரிமையையும் தனியாகக் கணக்கிடுகிறது. அதன் தரவு 1789 வரை பின்னோக்கிப் போகிறது. எதை எடுத்தாலும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறியீட்டு விளக்க நூலை முதலில் படியுங்கள். சலிப்பான வேலை, ஆனால் பல ஆய்வேடுகள் விழுவதும் எழுவதும் அந்தப் பக்கங்களில்தான்.

முறையும் கருவிகளும்

சுருக்கமாகச் சொல்கிறேன். எண்வழி ஆய்வா, பண்புவழி ஆய்வா என்ற சண்டையில் முதலாண்டிலேயே கட்சி சேராதீர்கள். கேள்வி என்ன கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். எண்வழியில் போகாவிட்டாலும், ஒன்றோடு இன்னொன்று எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்று காட்டும் பின்னடைவு (ரெக்ரஷன்) அட்டவணை ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு புள்ளியியல் வேண்டும், இல்லாவிட்டால் துறையின் ஆய்விதழ்களில் பாதி உங்களுக்கு மூடிய கதவு. எண்வழியில் போகிறவர்களுக்கு ஒரு நேர்காணலையாவது நேரில் நடத்திப் பார்த்த அனுபவம் வேண்டும். புள்ளியியல் மென்பொருளில் ஆர் (R) இலவசம், உலகம் முழுக்க உதவி கிடைக்கும், அதிலேயே தொடங்குங்கள். கோடைகால முறையியல் பயிற்சிகளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ.சி.பி.எஸ்.ஆர். அமைப்பும் ஐரோப்பாவில் இ.சி.பி.ஆர். அமைப்பும் நடத்துபவை பேர் பெற்றவை. நிதியுதவிக்கு வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

தரவைத் திறந்து பாருங்கள்

புதியவர்களுக்கு நான் சொல்லும் நல்ல பயிற்சி ஒன்று: உங்களுக்குப் பிடித்த, வெளியான ஒரு கட்டுரையின் தரவை வாங்கி அதன் முடிவுகளை அப்படியே திரும்ப உருவாக்கிப் பாருங்கள். பல முன்னணி ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்கான தரவும் நிரலும் ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் போன்ற களஞ்சியங்களில் கிடைக்கின்றன.

இது வெறும் பயிற்சியாக நிற்காமல் போன ஒரு நிகழ்வும் உண்டு. 2014 டிசம்பரில் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வீட்டு வாசலில் நடக்கும் ஒரு சிறு உரையாடல், ஒரே பாலினத் திருமணம் பற்றிய வாக்காளரின் மனதை நீண்ட காலத்துக்கு மாற்றிவிடும் என்றது. எல்லோரும் வியந்தார்கள். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதே மாதிரி ஓர் ஆய்வைத் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். கட்டுரையில் சொன்ன அளவுக்கு அவர்களுக்கு மக்கள் பதில் தரவில்லை. ஏன் என்று தோண்டினார்கள். பீட்டர் அரோனோவும் சேர்ந்துகொள்ள, அந்தத் தரவு நம்பத்தக்கதல்ல என்று 2015 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். கட்டுரையின் மூத்த ஆசிரியரே அதைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொண்டார், இதழ் திரும்பப் பெற்றது. ப்ரூக்மனும் கல்லாவும் தங்கள் ஆய்வை விடவில்லை. திருநர் மீதான வெறுப்பை இத்தகைய உரையாடல் குறைக்கிறது என்று உண்மையான தரவோடு 2016இல் அதே இதழில் வெளியிட்டார்கள்.

உங்கள் தரவுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். செய்யும் மாற்றங்கள் எல்லாம் நிரலில் பதிவாகட்டும். அரசு இணையதளங்களில் இருக்கும் தேர்தல் முடிவுகளும் அறிக்கைகளும் ஓசையில்லாமல் மாறும், மறையும், எனவே எடுத்த தேதியோடு சேமியுங்கள். நாளிதழ்களை எண்ணிப் போராட்டங்களைக் கணக்கிடுகிறவர்கள், செய்தியாளர் இருக்கும் நகரத்தில்தான் போராட்டம் அதிகம் பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

மனிதர்களிடம் போகும் முன்

நெறிமுறைக் குழுவின் படிவத்தைத் தொல்லை என்று நினைப்பது இயல்பு. அரசியல் ஆய்வில் நாம் பேசப்போகிற மனிதர்களுக்கு வேலை போகலாம், வழக்கு வரலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் ஆயுதக் குழுவினரை பாஸ்டன் கல்லூரி ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துக்காகப் பேட்டி எடுத்தது. தாங்கள் இறக்கும் வரை பதிவுகள் வெளியே வராது என்று நம்பித்தான் அவர்கள் பேசினார்கள். 2011இல் பிரிட்டிஷ் காவல்துறையின் விசாரணைக்காக அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது, நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் சில பதிவுகள் கைமாறின. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் முன், சட்டம் கேட்டால் என்ன செய்வேன் என்று யோசித்து வைத்திருங்கள். பெயர்களை ஒரு கோப்பிலும் பேச்சை இன்னொரு கோப்பிலும் பிரித்து வையுங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்கவே வேண்டாம்.

பேட்டி எடுக்காமலேயே தீங்கு செய்யவும் முடியும். 2014இல் ஸ்டான்ஃபோர்ட், டார்ட்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஏறத்தாழ 1,00,000 வாக்காளர்களுக்குத் துண்டறிக்கை அனுப்பினார்கள். கட்சி சாராத நீதிபதித் தேர்தலில் வேட்பாளர்களை இடது, வலது என்று அளவுகோலில் வைத்துக் காட்டியது அது. மேலே மாநில முத்திரை வேறு. அரசே அனுப்பியது போல இருந்தது. பெரிய சர்ச்சையாகி இரண்டு பல்கலைக்கழகங்களும் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று.

பேட்டி எடுக்கும் விதத்துக்கு அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ரிச்சர்ட் ஃபென்னோ நல்ல முன்மாதிரி. 1970களில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 18 பேருடன் அவர்களின் தொகுதிகளுக்கே போய்க் கூடவே சுற்றினார். காரில் உட்கார்ந்து போகும்போது பேசுவதை அலுவலக நேர்காணலில் பேச மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் சந்திக்கும்போது பொதுவெளியில் கிடைக்கும் தகவலைக் கேட்டு அவர்களின் நேரத்தை வீணாக்காதீர்கள். சிக்கலான கேள்வியைக் கடைசியில் வையுங்கள். ஒலிப்பதிவை நிறுத்தியபின் சொல்வதுதான் பெரும்பாலும் முக்கியமானது. அதை எழுதலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குறிப்பெழுதுங்கள். இரவு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதி போய்விடும்.

எழுத்து, ஆட்கள், பணம்

வாரம் 1,000 சொல் எழுதுங்கள், எதைப் பற்றியாவது. இதை என்னால் முதல் ஆண்டில் கடைப்பிடிக்க முடியவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எழுதும்போதுதான் நமக்குப் புரியவில்லை என்பது நமக்கே தெரிகிறது.

உங்களோடு சேர்ந்தவர்களில் மூன்று நான்கு பேர் கூடி மாதம் ஒருமுறை ஒருவர் வரைவை மற்றவர்கள் படிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதில் ஒருவராவது உங்கள் உட்துறைக்கு வெளியே இருக்கட்டும். பன்னாட்டு உறவுகள் படிப்பவருக்கு உங்கள் உள்ளாட்சித் தேர்தல் இயல் புரியவில்லை என்றால் குறை பெரும்பாலும் இயலில்தான். கருத்தரங்கில் முதலாண்டிலேயே கட்டுரை வாசிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. போய் உட்கார்ந்து கேள்வி எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் ஆய்விதழ்களை நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால் நூலகரைக் கேளுங்கள், அவருக்கு அந்தப் பெயர்கள் அத்துப்படி. உதவித்தொகை எந்த மாதம் நிற்கும், ஆய்வேடு எந்த மாதம் முடியும் என்ற இரண்டு தேதிகளையும் இப்போதே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாது, அந்த இடைவெளிக்கு என்ன செய்வது என்பதை நெறியாளரிடம் முன்னதாகவே பேசுங்கள்.

முதலாண்டு மதிப்பீடு

ஆண்டு முடிவில் ஆய்வு முன்வரைவோடு ஒரு குழுவின் முன் உட்கார வேண்டியிருக்கும். முன்வரைவின் முதல் பக்கத்திலேயே புதிர், கேள்வி, உத்தேச விடை மூன்றும் வந்துவிட வேண்டும். குழுவில் ஒருவர் முதல் பக்கத்தை மட்டும்தான் கவனமாகப் படித்திருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். இந்த விடை தவறாக இருந்தால் எது காட்டிக்கொடுக்கும், ஏன் இந்த இடங்கள், களப்பணிக்கு அனுமதி கிடைக்காவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன. இந்த மூன்றும் கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களும் கேட்பவை. பதிலை எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. கேள்வியைச் சுருக்கு, ஒரு நாட்டை விடு, அந்த இயலைத் தூக்கு என்று சொல்வார்கள். அன்று கேட்கக் கசப்பாக இருக்கும். ஒரு நண்பரைக் கூட வைத்துக்கொண்டு அவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள் (விதி இடம் கொடுத்தால்), ஏனென்றால் பதற்றத்தில் உங்களுக்குத் திட்டு மட்டும்தான் நினைவிருக்கும். அன்று மாலையே அந்தக் குறிப்புகளை மூன்றாகப் பிரித்து, உடனே செய்வது, யோசிப்பது, காரணம் சொல்லி மறுப்பது என்று எழுதி, மறுநாள் காலை நெறியாளருக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் ஊர் சுற்றப் போங்கள்.